ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைகிறது

நான் வேலை செய்து ஓய்வுபெற்ற பல்கலைக்கழக விளையாட்டு நிலையத்தில் அண்மையில் என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சூப்பும் சான்ட்விச்சும். என்னுடைய பொறுப்பை இப்போது வகிக்கும் மாத்தியூ என்ற இளைஞர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பதிவுகள் எல்லாவற்றையும் கைபேசிச் செயலிக்கு மாற்றிவிட்டார்களாம். பட்டப்பின்படிப்பு மாணவர்கள் பெயர் பதிகிறார்கள், ஆனால் வருவதில்லை என்றார்.

"நீங்கள் எப்படி அவர்களை வரவைத்தீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"ரெலிபோனில் கூப்பிட்டேன்" என்றேன். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. ஆனால் சூப் ஆறுவதற்குள் அதற்கு மேல் விளக்கம் சொல்ல முடியவில்லை. நேரமெடுத்து ஆறுதலாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் வலைப்பந்து ஆடியதுதான் விளையாட்டோடு எனக்கிருந்த தொடர்பு. அண்ணை ஸ்பொன்சர் செய்து மொன்ட்ரியாலுக்கு வந்தேன். விளையாட்டு நிலையத்தில், குளித்துத் துடைக்கத் துவாய் கொடுக்கும் கவுண்டரில் வேலை கிடைத்தது. மாலையில் பிரெஞ்சு வகுப்பு, பிறகு பொழுதுபோக்கு நிர்வாகத்தில் ஒரு டிப்ளோமா, இடையில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். படித்து முடித்தபோது நிலையத்தின் தலைவி மடாம் ஜினெட் என்னை உள்ளே எடுத்து, முதலில் உதவியாளராகவும் பின்னர் பட்டப்பின்படிப்பு மாணவர்களின் விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கு இணைப்பாளராகவும் ஆக்கினார். ஓய்வுபெறும் வரை அதே கதிரைதான்.

அப்படி ஒரு வேலை எதற்கு என்று எங்கள் ஆட்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். "படிக்க வந்ததுகள் படிக்கட்டுமன், விளையாட்டு என்னத்துக்கு?" என்பார் என் மச்சான். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன். முதற்பட்ட மாணவர்களுக்கு வகுப்பு உண்டு, விடுமுறை உண்டு, கூட்டாளிகள் உண்டு. முதற்பட்டத்துக்கு மேல் முதுமாணியும் கலாநிதியும் செய்கிறவர்கள் வேறு ஒரு சாதி. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து தனியாக வருவார்கள். ஒரு ஆய்வுகூடம், ஒரு பேராசிரியர், ஒரு கணினி, கோட்-டெ-நெய்ஜ் பக்கத்தில் ஒரு சின்ன அபார்ட்மென்ட். வாரக்கணக்கில் வேறு மனிதரோடு கதைக்காமல் அவர்களால் இருக்க முடியும்.

விளையாட வருவதையும் ஒளித்துத்தான் வருவார்கள். ஆய்வுகூடக் கதிரையில் குளிர்ச்சட்டையைத் தொங்கவிட்டு, மேசை விளக்கை எரியவிட்டு ஓடிவருவார்கள். பேராசிரியர் எட்டிப் பார்த்தால் ஆள் இங்கேதான் எங்கேயோ நிற்கிறது என்று நினைக்க வேண்டும். கடும் பனியில் மேற்சட்டை இல்லாமல் ஓடிவரும் ஆளைக் கண்டால் மடாம் ஜினெட் அடையாள அட்டையைப் பார்க்காமலே "ஆய்வு மாணவர்" என்பார்.

மடாம் ஜினெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயரமான பெண், ஒட்ட வெட்டிய நரைமுடி. அலுவலக அறை இருந்தது. அதில் அவர் இருந்து நான் கண்டது குறைவு. எங்கள் நிலையத்தில் ஆட்ட மண்டபத்துக்கு மேலே, சுவரோரமாகச் சுற்றி ஓடும் ஓட்டப்பாதை ஒன்று உண்டு. அங்கிருந்து குனிந்தால் கீழே நடக்கும் ஆட்டம் தெரியும். யாருக்காவது அவரோடு அலுவல் இருந்தால் அந்தப் பாதையில் அவரோடு சேர்ந்து நடக்க வேண்டும். நடந்துகொண்டே கேட்பார், நடந்துகொண்டே முடிவு சொல்வார். ஒரு விஷயத்துக்கு உடன்பாடில்லை என்றால் மட்டும் நின்றுவிடுவார். அவர் நின்றால் நாங்களும் கதையை நிறுத்திவிடுவோம்.

நிர்வாகம் எங்களிடம் எப்போதும் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கும். அவர் அதைக் கேட்டதில்லை. "இந்தக் கிழமை யார் வரவில்லை?" என்பார்.

வராதவரை எப்படிக் கூப்பிடுவது என்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது. அவர்களிடம் அதைக் கேட்கப் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். சுகமா என்றும் தொடங்கக் கூடாது. உடனே சுகம் என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார்கள். "திங்கட்கிழமை ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைகிறது, வர முடியுமா?" என்று மட்டும் கேட்க வேண்டும். அது பொய்யாகவும் இருக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு அணியிலும் ஒரு இடத்தை நாங்கள் நிரப்பாமல் விட்டு வைப்போம்.

நான் பொறுப்பெடுத்த முதல் குளிர்காலத்தில், வெப்ப நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குப் பனிச்சறுக்கு பழக்கினோம். ஆளுக்கொரு கதிரையைக் கொடுத்து, அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு பனித்தளத்தில் நகர விடுவோம். கானாவிலிருந்து கணிதம் படிக்க வந்த பெண் ஒருத்தி விழுந்து விழுந்து எழும்பினாள். ஒரு தரம் விழுந்தவள் எழும்பவில்லை, இருந்தபடியே அழுதாள். அடிபட்டுவிட்டதோ என்று நான் ஓடினேன். இல்லையாம். "இந்த வருஷம் நான் பிழையாகச் செய்த எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் தாளின் ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார். இதற்கு ஒருவரும் எழுதவில்லை" என்றாள். இதை நான் மேலே போய்ச் சொன்னபோது மடாம் ஜினெட் நடந்தபடியே, "அப்படியென்றால் பனித்தளத்தை இன்னும் ஒரு மணித்தியாலம் எடுப்போம்" என்றார். எங்கள் வேலை என்னவென்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

அவர் போட்ட இன்னொரு விதியைப் பலர் வெறுத்தார்கள். எந்த அணியும் பதிய வேண்டுமென்றால் அதன் தலைவர் முதலுதவிப் பயிற்சி எடுக்க வேண்டும். ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழக வேண்டும். சுவரில் தொங்கும் இதய அதிர்ச்சிக் கருவியைத் திறந்து காட்ட வேண்டும். நேரமில்லாத ஆய்வு மாணவர்களுக்கு அது பெரிய தொல்லை. "கரப்பந்து ஆடத்தானே வந்தோம்" என்று முணுமுணுப்பார்கள். இந்த விதிக்கு மட்டும் விலக்கே கிடையாது. கேட்டால் அவர் நின்றுவிடுவார்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம்.

திங்கட்கிழமைகளில் கரப்பந்து. அதில் சரவணன் என்றொருவர் ஆடினார். திருநெல்வேலிப் பக்கம் ஊர். மின்கலங்களைப் பற்றிக் கலாநிதி ஆய்வு. உயரமில்லை, பாய்ந்து அடிக்க வராது. ஆனால் பின்வரிசையில் நின்று, எவ்வளவு வேகமாக வரும் பந்தையும் தரையில் விழுந்து எடுத்துவிடுவார். எழும்பும்போது முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். எதிரணியின் தலைவி ஜெசிந்தா. மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை, மொன்ட்ரியால்-நோர் என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவள், நகரத் திட்டமிடலில் முதுமாணி செய்துகொண்டிருந்தாள். அவளுடைய அடி பலமானது. அவள் அடிப்பதும் சரவணன் விழுந்து எடுப்பதும்தான் திங்கட்கிழமைகளின் வேடிக்கை. மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை பந்து மறுபக்கத்தில் இருக்கும்போதே சரவணன் சரிந்தார். வழக்கம்போல விழுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நான் வாசலில் நின்றேன். "அன்ரி" என்று ஜெசிந்தா கூப்பிட்ட விதத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

நான் போகுமுன்பே அவள் வலைக்குக் கீழால் குனிந்து போய் முழங்காலில் நின்றாள். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை. குறட்டை மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. யாரோ "மூச்சு வருது" என்றார்கள். "அது மூச்சில்லை" என்று சொல்லி அவள் நெஞ்சின் நடுவில் கையை வைத்து அழுத்தத் தொடங்கினாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது அதுதான்: அந்தச் சத்தத்தை நம்பாதே. நான் ஒருவரை விரலால் காட்டி அம்புலன்சுக்கு அழைக்கச் சொன்னேன். பொதுவாகச் சொன்னால் ஒருவரும் செய்யமாட்டார்கள். இன்னொருவரைத் தெருவாசலில் நிற்க அனுப்பினேன், அம்புலன்ஸ்காரருக்கு வழிகாட்ட. சுவரிலிருந்து கருவியை நானே எடுத்து வந்து, சட்டையை வெட்டி, வியர்வையைத் துடைத்து, பட்டைகளை ஒட்டினேன். கருவி பிரெஞ்சில் பேசியது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்கு அது விளங்காது. அது சொல்வதை நான் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். எல்லோரும் தள்ளி நில்லுங்கள். யாரும் தொடாதீர்கள். அதிர்ச்சி கொடுத்ததும் ஜெசிந்தா மறுபடி அழுத்தினாள். அவள் களைத்தபோது நான், பிறகு அவள். இடையில் ஒரு எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். "நிப்பாட்டாதை" என்றேன். அவள் நிறுத்தவில்லை.

அம்புலன்ஸ்காரர் வரும்போது சரவணனின் கை அசைந்தது.

அவரை ஏற்றி அனுப்பிவிட்டு நான் ஒரு டாக்சியில் அவருடைய வீட்டுக்குப் போனேன். கோமதி, அவருடைய மனைவி, ஊரிலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. கதவைத் திறந்தவரிடம் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுக் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். டாக்சியில் அழவில்லை. ஆஸ்பத்திரி தெரியும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவங்க விழுந்தப்ப பக்கத்துல ஆளு இருந்தாங்களா அக்கா?"

"இருந்தவை பிள்ளை. எல்லாரும் பக்கத்திலதான் நிண்டவை."

தலையை ஆட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

சரவணன் பிழைத்தார். பிறவியிலேயே இதயத்தின் துடிப்பில் ஒரு குறை இருந்திருக்கிறது; யாருக்கும் தெரியவில்லை. நெஞ்சில் தோலுக்கடியில் சின்னக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். இதயம் மறுபடி தாளம் தப்பினால் அதுவே உள்ளேயிருந்து அதிர்ச்சி கொடுக்குமாம். கோடை முழுக்க வீட்டில் இருந்தார். இலையுதிர் காலத்தில் ஒருநாள் டாக்டரின் அத்தாட்சியோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, டாக்டர் ஆடலாம்னுட்டாரு. கருவி இருக்கிற பக்கம் மட்டும் ஒரு பட்டை கட்டிக்கணும். திங்கட்கிழமை வரட்டுமா?"

"பேந்து பாப்பம் தம்பி" என்றேன்.

நிர்வாகத்தைக் கேட்டேன். டாக்டர் சொன்னால் போதும், மிச்சம் இணைப்பாளரின் முடிவு என்று பதில் வந்தது. அடுத்த கிழமையும் அவர் வந்தார். அப்போதும் பார்ப்போம் என்றேன். எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். அந்த மண்டபத்தில் அவர் விழுந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் என் கால் தானாக விலகி நடந்தது. படிப்பை முடிக்கட்டும், ஊருக்குப் போய் ஆடட்டும் என்று நினைத்தேன்.

மடாம் ஜினெட் என்னை மேலே கூப்பிட்டார். நடந்தோம். நான் காரணங்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். வலைக்கு நேர் மேலே வந்ததும் அவர் நின்றார்.

"முடிவு உன்னுடையது. நான் மாற்றமாட்டேன்" என்றார். "ஆனால் நீ அவர் விழுந்து கிடந்ததைப் பார்த்து முடிவு எடுக்கிறாய். அவர் உன் மேசைக்கு நடந்து வந்ததைப் பார்த்து எடு." பிறகு, "அவருடைய மனைவியிடம் கேட்டாயா?" என்றார்.

கேட்கவில்லை. அடுத்த நாள் கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சரவணன் ஆய்வுகூடத்தில் இருந்தார். கோமதி ரீ போட்டுத் தந்தார். அவர் வேண்டாம் என்று சொல்வார், எனக்கு வேலை சுலபமாகிவிடும் என்ற எண்ணம் எனக்கு உள்ளுக்குள் இருந்தது.

"அவங்க ஆடட்டும் அக்கா" என்றார்.

"பயமில்லையே?"

"இல்லாம இருக்குமா? தூக்கத்துல மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே கெடக்கேன். அவங்க முழிச்சுப் பாத்தா நான் பாத்துக்கிட்டு இருப்பேன். ரெண்டு பேருக்கும் தூக்கம் போச்சு." கோப்பையைக் கீழே வைத்தார். "லேப்ல யாரும் இப்ப இவங்ககிட்ட ஒரு வேலையும் சொல்றதில்லையாம். பாரமா இருந்தா அவங்களே தூக்கிட்டுப் போயிடறாங்களாம். வீட்டுல நான். இவங்கள சாதாரணமா பாக்கிறதுக்கு ஒரு ஆளாவது வேணாமா அக்கா?"

"சரி பிள்ளை, வரட்டும்" என்றேன்.

"ஆனா நானும் வருவேன்" என்றார். "நீங்க எல்லாரும் அன்னைக்கு என்ன செஞ்சீங்களோ அத எனக்கும் கத்துக் கொடுத்திருங்க. பக்கத்துல நானும் நிக்கணும்."

மாணவர்களின் கணவன் மனைவியரும் எங்கள் நிலையத்துக்கு வரலாம் என்ற அனுமதியை மடாம் ஜினெட் முன்பே வாங்கி வைத்திருந்தார். அந்த வாரமே ஒரு பயிற்சி வகுப்பு வைத்தேன். தலைவர்கள் மட்டுமல்ல, திங்கட்கிழமை ஆடும் அத்தனை பேரும் வந்தார்கள். கோமதி பொம்மையை அழுத்திய அழுத்தில் பயிற்சியாளர் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "சரியான ஆழம்" என்றார். முடிந்தது என்று சொன்ன பிறகும் கோமதி கையை எடுக்கவில்லை. நான் தோளைத் தொட்டதும்தான் எடுத்தார்.

சரவணன் திரும்பி வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பட்டையைக் கட்டிக்கொண்டு தன் பழைய பின்வரிசை இடத்தில் நின்றார். ஆட்டம் தொடங்கியது. அன்றைக்கு அவரிடம் பந்து போகவே இல்லை. மற்றப் பக்கத்திலிருந்து யார் அடித்தாலும் பந்து வேறு இடத்துக்குத்தான் போனது. தப்பித் தவறி வந்தால் பூப்போல வந்து இறங்கியது. அடுத்தடுத்து மூன்று திங்கட்கிழமையும் அப்படித்தான். அவர் ஒரு தரம்கூடத் தரையில் விழவில்லை. விழத் தேவை வரவில்லை.

மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"அக்கா, நான் நிறுத்திக்கிறேன். லேப்ல எப்படியோ அப்படித்தான் இங்கயும் இருக்கு."

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி" என்றேன்.

அன்று மாலை மேலே போனபோது மடாம் ஜினெட் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். யார் வரவில்லை? யோசித்துப் பார்த்தேன். ஜெசிந்தா வரவில்லை. அந்தப் பருவம் தொடங்கியதிலிருந்தே அவள் வரவில்லை. முதலுதவி வகுப்புக்கும் அவள் வரவில்லை. ஏற்கெனவே தெரிந்தவள்தானே என்று நானும் பெரிதாக எடுக்கவில்லை. ஆய்வறிக்கை எழுதுகிறாள் என்று சொல்லிக்கொண்டார்கள். அவளுடைய அணிக்கு வேறொருவர் தலைவராக நின்றார்.

கூப்பிட்டேன்.

"திங்கட்கிழமை ஒரு ஆள் குறையுது பிள்ளை. வரேலுமோ?"

"அன்ரி, நான் உங்களைத் தனியச் சந்திக்கலாமோ?" என்றாள்.

பல்கலைக்கழக மெட்ரோ வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தோம். அவளுக்குத் தமிழ் விளங்கும், கதைக்கவும் வரும். ஆனால் கஷ்டமான விஷயங்களுக்குப் பிரெஞ்சுதான் அவளுக்கு வரும். அன்றைக்குத் தமிழிலேயே கதைத்தாள். அவள் அவ்வளவு தமிழ் கதைத்து நான் முன்பு கேட்டதில்லை.

"அவரின்ர எலும்பு என்ர கைக்குக் கீழதான் முறிஞ்சது அன்ரி. அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் கேக்குது."

"எனக்கும் கேட்டது. அது முறியும் எண்டு வகுப்பிலயே சொன்னவை."

"தெரியும். சரியாத்தான் செய்தனான் எண்டும் தெரியும். அதில்லை." கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "அவர் வந்திட்டாராம் எண்டு கேள்விப்பட்டன். சந்தோசம். ஆனா அவர் என்னைக் கண்டா மெர்சி, நன்றி எண்டு சொல்லத் தொடங்குவார். அழுவார். அவரின்ர மனுசியும் அழுவா. பேந்து நான் எப்பிடி அவருக்கு அடிக்கிறது? எனக்கு அவரோட விளையாட மட்டும்தான் விருப்பம். வேற ஒண்டும் வேண்டாம்."

இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ வயதுப் பிள்ளை. நான் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"அவர் மெர்சி சொல்லாட்டில் வருவியோ?"

யோசித்தாள். "ஓம். வருவன்."

சரவணனைக் கண்டு சொன்னேன். தன் நெஞ்சில் முதலில் கை வைத்தது ஜெசிந்தாதான் என்று அவருக்குத் தெரியும்; ஆஸ்பத்திரியிலேயே கேட்டு அறிந்திருந்தார். கோமதியும் அவளைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ தரம் கேட்டிருந்தார். நன்றி சொல்லக் கூடாது என்று நான் சொன்னபோது அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"எப்படிக்கா சொல்லாம இருக்கிறது? உயிரு அக்கா."

"உங்கட உயிர்தான் தம்பி. அந்தப் பிள்ளைக்கு அது பாரமாக் கிடக்கு. உங்களைப் பந்தாலதான் அடிக்க வேணும் எண்டு நிக்கிறாள்."

அவர் மெல்லச் சிரித்தார். "சரிக்கா. கோமதிகிட்டயும் சொல்லிடறேன். அவளுக்குத்தான் கஷ்டம்."

அந்தத் திங்கட்கிழமை ஆட்டத்துக்கு நானே நடுவராக நின்றேன். வலைக்குப் பக்கத்தில் உயரக் கதிரை. அதில் ஏறி இருந்தால் இரண்டு பக்கமும் தெரியும். கோமதி நீளமான வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார், கருவி தொங்கும் சுவருக்குக் கிட்ட. அந்த இடத்தை அவரே தெரிந்தெடுத்திருந்தார். மேலே ஓட்டப்பாதையில் மடாம் ஜினெட் நடந்துகொண்டிருந்தார்.

ஜெசிந்தா கடைசியாக வந்தாள். ஒருவரையும் பார்க்காமல் தன் இடத்துக்குப் போனாள். சரவணன் தலையை மட்டும் ஆட்டினார். அவளும் ஆட்டினாள். கோமதி மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்திருந்தார்.

தொடக்கத்தில் எல்லாம் பழையபடிதான். பந்து அவரைச் சுற்றிச் சுற்றிப் போனது. ஜெசிந்தாவுக்கு இரண்டு தரம் நல்ல பந்து உயர்ந்து வந்தது. இரண்டையும் வலைக்குப் பக்கத்தில் மெல்லத் தட்டி விழுத்தினாள். அவளுடைய கை தூக்கியபடி நின்றுவிடுவதை நான் மேலிருந்து பார்த்தேன். பிறகு சரவணன் பந்து தொடக்கும் முறை வந்தது. அவர் வழக்கமாக உயரமாகத்தான் போடுவார். அன்றைக்குப் பந்தைத் தாழ்வாக, வேகமாக, நேரே ஜெசிந்தாவுக்கு அடித்தார். அவளுடைய கையில் பட்டு வெளியே போனது. அவருக்கு ஒரு புள்ளி. மறுபடியும் அவளுக்கே அடித்தார். அதுவும் புள்ளி. அவளுடைய முகம் சிவந்தது. அணிக்காரர் ஒருவரை விலக்கிவிட்டு ஏதோ பிரெஞ்சில் சொன்னாள். அதை நான் இங்கே எழுத முடியாது.

மூன்றாவது பந்தை அவர்கள் எடுத்துவிட்டார்கள். வலைக்கு மேலே உயர்ந்து வந்தது. ஜெசிந்தா ஓடிவந்து பாய்ந்தாள். இந்த முறை கை நிற்கவில்லை. பந்து நேரே சரவணனின் இடது பக்கமாகக் கோட்டை நோக்கிப் போனது. அவர் முழு நீளத்துக்குப் பாய்ந்து தரையில் விழுந்தார். பந்து விரலில் படாமல் தரையில் அடித்து எழும்பிப் போனது.

அவர் முகம் குப்புறக் கிடந்தார். ஜெசிந்தா வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோமதி எழும்பிவிட்டார். எனக்கு விசிலை வாயில் வைக்க வரவில்லை. மேலே நடை நின்றிருந்தது.

சரவணன் தலையைத் தூக்கினார். கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அக்கா, அது அவுட்."

"உள்ளுக்க" என்றாள் ஜெசிந்தா.

"கோட்டுக்கு வெளிய இவ்வளவு தள்ளி விழுந்துச்சு. நான்தானே பக்கத்துல கெடக்கேன்."

"நீங்கள் கண்ணை மூடிக்கொண்டெல்லோ பாய்ஞ்சனீங்கள். அன்ரி, அது உள்ளுக்க."

அவர் எழும்பி முழங்காலில் நின்று கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். அவள் வலைக்குக் கீழால் குனிந்து இந்தப் பக்கம் வந்து இன்னொரு இடத்தைக் காட்டினாள். இரண்டு பேரும் தரையில் குந்தியிருந்து சண்டை பிடித்தார்கள். அவர் தமிழில், அவள் பாதி தமிழில் பாதி பிரெஞ்சில். மற்றவர்களும் சேர்ந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள்.

எனக்கு அந்தக் கோணத்தில் சரியாகத் தெரியவில்லை. வாங்கில் இருந்தவர்தான் கோட்டுக்கு நேரே இருந்தார். "கோமதி, நீங்கள் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

கோமதி கண்ணைத் துடைத்தார். புருஷனை ஒரு தரம் பார்த்தார்.

"உள்ளதான் விழுந்துச்சு அக்கா" என்றார்.

"ஏய்" என்றார் சரவணன்.

நான் விசிலை ஊதி, ஜெசிந்தாவின் பக்கம் கையை நீட்டினேன்.